குளோர்ஹெக்சிடின் ஜெல் டிரஸ்ஸிங்: ஒரு ஐசியூ நர்ஸின் விமர்சனம்

எங்கள் ஐசியூவில் சென்ட்ரல் லைன் (மருந்து ஏற்றப் பெரிய ரத்த நாளத்துக்குள் விடும் குழாய்) போட்ட பெரியவர்களுக்கு இப்போது இந்த டிரஸ்ஸிங்தான். பார்க்க வழக்கமான ஒளிபுகும் டிரஸ்ஸிங் மாதிரியே இருக்கும். நடுவில் மட்டும் ஒரு ஜெல் பட்டை, அதில் 2% குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. தோலில் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் குழாயின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்துக்குள் இறங்காமல் தடுப்பதுதான் இதன் வேலை.

எனக்கு முதலில் பிடித்தது, ஜெல் வழியாகவே குழாய் நுழையும் இடம் தெரிவது. சிவந்திருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க எதையும் பிரிக்க வேண்டாம். முன்பு வைத்த வட்ட ஸ்பாஞ்சில் அந்த இடமே மறைந்துவிடும். போதாக்குறைக்கு, நீலப் பக்கம் மேலே வர வேண்டியதை அவசரத்தில் யாராவது கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

ஒட்டுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தோலைத் துடைத்த மருந்து தானாகக் காய வேண்டும். விசிறக் கூடாது, ஊதவே கூடாது. ஈரத்தோடு ஒட்டினால் ஓரம் கிளம்பும், தோலும் புண்ணாகும். கழுத்து லைன்தான் தலைவலி. தாடி, வியர்வை, வாயிலிருந்து வழியும் எச்சில், வென்டிலேட்டர் குழாயின் இழுப்பு என்று எல்லாம் அங்கேதான். காறை எலும்புக்குக் கீழே போட்ட லைனில் ஏழு நாள் நிம்மதியாகத் தாங்குகிறது; கழுத்தில் அதற்கு வெகு முன்பே ஓரம் தூக்கிவிடும். தூக்கினால் மேலே பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்கிற வேலையெல்லாம் ஆகாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

ரத்தம் லேசாகக் கசிந்தால் ஜெல்லே உறிஞ்சிக்கொள்ளும். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால் ஊறிவிட்டது என்று அர்த்தம். நிற்காமல் கசிகிறவர்களுக்கு காஸ் துணிதான் சரி, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம், தோல் வெந்துபோகும். குளோர்ஹெக்சிடின் அலர்ஜி உள்ளவர்களுக்கும் கூடாது.

என் ஆதங்கம் டிரஸ்ஸிங் மீது இல்லை. இது வந்த பிறகு, "அதான் ஜெல் இருக்கே" என்று ஹப்பை (குழாயின் வெளிமுனையில் மருந்து ஏற்றும் வாய்) கிருமிநாசினியால் தேய்க்காமல் ஊசியைச் சொருகுகிறவர்களைப் பார்க்கிறேன். ஹப் வழியாகக் குழாய்க்குள்ளேயே போகிற கிருமியை வெளியே தோலில் ஒட்டிய ஜெல் என்ன செய்யும்? லைன் நாள்பட நாள்பட அந்த வழிதான் பெரிய வழி. 2006இல் வெளியான மிச்சிகன் ஆய்வில் நூற்றுக்கு மேற்பட்ட ஐசியூக்களில் லைனால் வரும் ரத்தத் தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது. அவர்கள் வலியுறுத்தியது கை கழுவுவது, முழுப் பாதுகாப்பு உடையோடும் விரிப்போடும் லைன் போடுவது, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைப்பது, தொடையில் லைன் போடுவதைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் லைனை எடுப்பது. ஜெல் டிரஸ்ஸிங் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ரவுண்ட்ஸில் "இந்த லைன் இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேட்கிற சிஸ்டருக்கு நான் இதைவிட அதிக மதிப்பெண் போடுவேன்.

டிரஸ்ஸிங்குக்கு ஐந்தில் நான்கு. கழுத்து ஓரத்துக்காக ஒன்று குறைத்தேன். அப்புறம், கழற்றும்போது ஜெல் தையலிலும் குழாயிலும் பிடித்துக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் லைனே கையோடு வந்துவிடும். ஸ்டெரைல் சலைனால் ஜெல்லை நனைத்து, குழாயை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மெதுவாக உரியுங்கள்.