ஆறரை முதல் பத்தரை வரை: நேரக் கட்டண மின்சாரத்தோடு ஏழு வருடங்கள்

போன வாரம் வயரிங் பாஸ் (மின்வேலை செய்பவர்) வந்து எங்கள் கீசருக்குப் புது டைமர் பூட்டிவிட்டுப் போனார். பழைய டைமரைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே தொடுமுனைகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சாமானும் கூலியுமாக 9,500 ரூபா. அன்றைக்கென்று பார்த்துப் பண்டாரவளை நண்பர் அழைத்தார். "அண்ணன், நீங்கள் நேரக் கட்டணத்துக்கு மாறி நிறைய நாளாகிறதே, நானும் மாறட்டுமா?" எந்த நேரத்தில் பாவிக்கிறோம் என்பதைப் பார்த்து மின்சாரத்துக்கு விலை போடும் முறையைத்தான் கேட்டார். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு நின்ற நேரம். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுகிறேன். முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

நாங்கள் இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையில் இருக்கிறோம். மேல்மாடியில் தம்பி குடும்பம், கீழே நாங்களும் அம்மாவும். மின்சாரம் மாதம் 300 அலகுக்கு (யூனிட்) குறைவதில்லை. வீடு கட்டும்போது ஒரு மாவு மில் போடும் ஆசையில் த்ரீ பேஸ் இணைப்பு எடுத்தோம். மில் வரவில்லை, இணைப்பு மட்டும் இருந்தது. 2018இல் நேரக் கட்டணத்துக்கு மாறியபோது அது கைகொடுத்தது.

அன்றைய கணக்கைச் சொன்னால்தான் ஏன் மாறினோம் என்பது புரியும். பழைய படிமுறைக் கட்டணத்தில் முதல் 60 அலகுக்கு அலகொன்று 7.85 ரூபா, அடுத்த 30க்கு 10 ரூபா, அதற்கடுத்த 30க்கு 27.75, பிறகு 180 வரை 32. அதைத் தாண்டினால் ஒவ்வொரு அலகும் 45. நிலையான கட்டணம் 540 சேர்த்து, 300 அலகுக்கு 9,463 ரூபா 50 சதம். நேரக் கட்டணத்திலும் நிலையான கட்டணம் அதே 540தான். ஆனால் எத்தனை அலகு என்று அது பார்ப்பதில்லை, எத்தனை மணிக்கு என்றுதான் பார்க்கும். காலை 5.30 முதல் மாலை 6.30 வரை 25 ரூபா. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், 54 ரூபா. அதன் பிறகு விடியற்காலை 5.30 வரை வெறும் 13 ரூபா.

அந்தப் பதின்மூன்றைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். ஐம்பத்துநான்கை என் மனைவி பார்த்தார். முதல் மாதப் பட்டியல் அவர் பார்த்தது சரி என்று சொல்லிவிட்டது. உச்ச நேரத்தில் 110, பகலில் 130, இரவில் 60 அலகு. மொத்தம் 10,510 ரூபா. மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரம் ரூபாவுக்கு மேல் கூடக் கட்டினோம். விஷயத்தை அம்மாவுக்கு விளக்கியபோது, "கரண்டுக்கும் ராகு காலம் வந்துவிட்டதா?" என்று கேட்டார். ராகு காலமாவது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒரு நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். மாலையானதும் தீவு முழுவதும் ஒரே நேரத்தில் விளக்குப் போடுகிறது, சோறு ஆக்குகிறது, தொலைக்காட்சி பார்க்கிறது. அணைத் தண்ணீர் போதாமல் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கிற நேரம் அது. விலை கூடுவதில் அநியாயம் இல்லை. ஆனால் அந்த நான்கு மணி நேரம் மலைநாட்டில் எப்படிப்பட்ட நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு மணிக்குப் பனி இறங்கிவிடும். பாடசாலை, தோட்டம், கடை என்று போனவர்கள் நனைந்து நடுங்கி வீட்டுக்கு வந்து சுடுதண்ணீர் கேட்கிற நேரம் சரியாக ஆறரை. கொழும்பில் ஒரு மின்விசிறியோடு அந்த நேரத்தைக் கழித்துவிடலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் தேக்கப்படும் தண்ணீர், மேல் கொத்மலைத் திட்டத்தில் 12 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்தில் ஓடி, நிலத்தடி மின் நிலையத்தில் 150 மெகாவோட் வரை தருகிறது. 2012இலிருந்து அந்த நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடிதான் நாங்கள் தேநீர் குடிக்கிறோம். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உச்ச நேர விலை கொடுப்பதில் ஒரு தனி எரிச்சல் இருக்கிறது. நியாயமான எரிச்சல் அல்ல, தெரியும்.

இரண்டு மூன்று மாதங்களில் வீடு பழகிக்கொண்டது. சலவை இயந்திரம், அயன், தண்ணீர் மோட்டார் எல்லாம் பத்தரைக்கு மேல் போயின. மழை மாதங்களில் இங்கே துணி காய்வதில்லை. பிள்ளைகளின் சீருடையைக் கொடியில் போட்டுக் கீழே ஹீட்டர் வைத்தால்தான் காலையில் உடுத்த முடியும். அதையும் இரவுக்குத் தள்ளினோம். உச்ச நேரத்தில் 60, பகலில் 110, இரவில் 130 என்று வந்து நின்றது. பட்டியல் 8,220 ரூபா. பழைய கணக்கோடு பார்த்தால் மாதம் 1,243 ரூபா 50 சதம் மிச்சம். நன்மையும் உண்டு என்று எழுதினேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி கீசருக்கு வருகிறேன்.

எங்களுடையது 30 லீற்றர் தொட்டி. 15 பாகையில் வரும் தண்ணீரை 55 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 1.4 அலகு வேண்டும். அன்றைய இரவு விலையில் 18 ரூபா, பகல் விலையில் 35, உச்ச நேரத்தில் 76. அதனால் டவுனில் ஒரு டைமர் வாங்கிப் பூட்டினேன். வட்ட முகத்தில் 96 பற்கள், பல்லொன்று பதினைந்து நிமிடம். விடியற்காலை 4.00 முதல் 5.00 வரை ஒரு தடவை, மாலை 4.45 முதல் 6.00 வரை இன்னொரு தடவை. ஆறரைக்கு முன் தொட்டி சூடாகி மூடிக்கொள்ளும். அந்தச் சூட்டில் இரண்டு பேர் நிம்மதியாகக் குளிக்கலாம், மூன்றாவது ஆளுக்கு வெதுவெதுப்பு. முதலில் யார் என்பதில் நடந்த சண்டைகள் வேறு கதை.

வாங்கும்போது கடைக்காரர் ஒன்றைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த டைமரின் கடிகாரமும் மின்சாரத்தில்தான் சுற்றுகிறது. மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல நின்ற இடத்திலிருந்து ஓடும். மின்மானியின் கடிகாரம் அப்படி நிற்பதில்லை. இங்கே தென்மேற்குப் பருவக்காற்றில் சவுக்குக் கிளை கம்பியில் விழாத வாரம் உண்டா? இரண்டு மணி நேரம் மின்சாரம் போய் வந்தால், என் டைமர் இரண்டு மணி நேரம் பிந்திவிடும். மாலை 4.45 என்று அது நினைக்கும்போது மணி 6.45. தொட்டி முழுவதும் உச்ச நேர விலையில் கொதிக்கும்.

இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், யாருக்கும் தெரியாது. ஏழு மணிக்குச் சுடுதண்ணீர் வந்தால் எந்த வீட்டில் முறைப்பாடு செய்வார்கள்? வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது என்று தம்பி பாட்டுப் பாடிக்கொண்டு குளிப்பான். மாதக் கடைசியில் பட்டியலைப் பார்த்து நான் பாடுவேன்.

கண்டுபிடிப்பதற்கு ஒரே வழி அம்மாதான். கொழுந்து பறித்த காலத்திலிருந்து நான்கு மணிக்கு எழுந்து பழகியவர். ஓய்வு பெற்று வருடங்கள் ஆன பின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை. 4.45க்குக் குளிப்பார், ஐந்துக்கு விளக்கு ஏற்றுவார், அதற்குப் பிறகு மிக்சியில் சம்பல் அரைப்பார். வீட்டில் எல்லோரும் இந்தக் கட்டணத்துக்காக எதையாவது மாற்றிக்கொண்டோம். அவர் ஒரு நிமிடம்கூட மாற்றவில்லை. அவர் விழித்திருக்கும் நேரத்தில்தான் மின்சாரம் மலிவு என்று எங்கோ ஒரு மேசையில் தீர்மானித்திருக்கிறார்கள். வாழ்க்கை முழுவதும் அந்த நேரத்தில் எழுந்ததற்கு அவருக்குக் கிடைத்த முதல் சலுகை இதுதான் என்று நான் ஒருமுறை சொன்னேன். சிரிக்கவில்லை. குளியலறையிலிருந்து, "பச்சைத் தண்ணீர்தான் வருகிறது" என்று அவர் குரல் கேட்டால் டைமர் பிந்திவிட்டது என்று அர்த்தம். ஏணி வைத்து ஏறி, கைபேசியில் மணி பார்த்துப் பற்சக்கரத்தைத் திருப்புவேன். ஏழு வருடத்தில் எத்தனை தடவை ஏறியிருப்பேன் என்பதை அந்த ஏணியைத்தான் கேட்க வேண்டும்.

2022ஐப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. மார்ச் மாத இறுதியில் ஒரு நாள் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. டைமரைத் திருப்பித் திருப்பி அலுத்து, மின்வெட்டு ஓயும்வரை இழுத்துக் கழற்றிவைத்தேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகள், கொண்டுவந்து அடுப்பில் தண்ணீர் காய்ச்சினோம். அந்த விறகுக்கு எந்த நேரமும் ஒரே விலை. ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். 2024இல் மார்ச்சிலும் ஜூலையிலும் இறங்கியது, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்தது, ஜூனில் 15 சதவீதம் ஏறியது. அதனால்தான் இன்றைய விலையை இங்கே எழுதவில்லை. நீங்கள் படிக்கும்போது அது வேறாக இருக்கும், உங்கள் பட்டியலைப் பாருங்கள். விலை எப்படி மாறினாலும் ஆறரை ஆறரையாகவும் பத்தரை பத்தரையாகவும் எங்களுக்கு இருந்துவந்தன.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டதே, அன்று எங்களுக்கு மின்சாரம் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. பாணந்துறைக் குரங்கால் தலவாக்கலையில் கீசர் ராத்திரியில் கொதிக்கும் என்று எந்தச் சோதிடராவது சொல்லியிருப்பாரா?

இப்போது பூட்டியிருக்கும் டைமருக்குள் சின்னதாக ஒரு பட்டரி இருக்கிறது. மின்சாரம் போனாலும் மணி தப்பாது. கீசரின் பாரத்தைத் தாங்க இடையில் கொன்டாக்டர் என்ற பெரிய மின் சுவிட்சும் போட்டிருக்கிறார் பாஸ். "இதை அப்போதே வாங்கியிருக்கலாமே" என்றார். 9,500 ரூபாவைவிட அந்த வார்த்தைதான் அதிகம் வலித்தது. முந்தாநாள் காற்றில் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. நேற்று 4.45க்கு அம்மா குளித்துவிட்டு வந்து நேரே விளக்கு ஏற்றப் போனார். குரல் கேட்காததால் எனக்குத்தான் விழிப்பு வந்துவிட்டது.

பண்டாரவளை நண்பருக்கு: நீங்கள் மாற வேண்டாம். உங்கள் வீட்டில் மூன்று பேர், மாதம் 120 அலகு. அன்றைய படிமுறைக் கட்டணத்தில் அது 2,083 ரூபா 50 சதம். நேரக் கட்டணத்தில் உச்ச நேரத்தை 20 அலகோடு நிறுத்தி, 60 அலகை நடுச்சாமத்துக்குத் தள்ளினாலும் 3,400 வந்திருக்கும். அதோடு உங்களிடம் இருப்பது தொட்டி இல்லாத உடனடிச் சூடாக்கி. நீங்கள் குளிக்கும் நேரத்தில்தான் அது மின்சாரம் குடிக்கும், முன்கூட்டியே சூடாக்கி வைக்க வழியில்லை. இன்றைய விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் பார்க்கலாம். பார்த்த பிறகும் மாற ஆசை வந்தால், முதலில் பட்டரி வைத்த டைமர் வாங்குங்கள், பிறகு விண்ணப்பப் படிவம் வாங்குங்கள்.

நான் பழையதற்குத் திரும்புவேனா என்று கேட்பீர்கள். மாட்டேன். இவ்வளவு திட்டிவிட்டு ஏன் என்று கேட்பதானால் பத்தரைக்கு மேல் அழையுங்கள், அயன் பண்ணிக்கொண்டே பேசலாம்.