டிராப் பாலா, ரைஸ் பாலா: முதலில் எதைப் பழகுவது?

அமெரிக்கக் கல்லூரி மகளிர் சாஃப்ட்பாலில் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) பிட்சருக்கும் (பந்தை வீசுபவர்) பிளேட்டுக்கும் (மட்டையாளர் நிற்கும் இடம்) நடுவே 43 அடிதான். வேகப்பந்தும் சேஞ்ச்-அப்பும் (ஏமாற்றும் மெதுப்பந்து) கைவந்தபின் வரும் கேள்வி இது: மட்டையாளர் அருகே கீழிறங்கும் டிராப்பா, மேலெழுவதுபோல் வரும் ரைஸா?

சுழற்சி: டிராப் முன்னோக்கிச் சுழலும். ரைஸ் பின்னோக்கி, விரல்கள் பந்தின் அடியை வெட்டிச் செல்ல வேண்டும்.

உடல்: டிராப்புக்குக் குட்டைக் காலடி, எடை முன்காலில். ரைஸுக்கு நீண்ட காலடி, தோள் சற்றுப் பின்னால்.

கற்பது: டிராப் சீக்கிரம் வரும், புவியீர்ப்பே துணை. ரைஸ்தான் பாடாய்ப் படுத்தும். பலர் வீசுவது துப்பாக்கித் தோட்டாவைப் போல் சுழலும். அது மேலெழும்பாது, வெறும் உயரப் பந்து. பந்தைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டி, பட்டையை நெட்டுக்குத்தாக வைத்து வீசுங்கள். பட்டை தள்ளாடாமல் ஒரே கோடாகத் தெரிந்தால் சுழற்சி சரி.

தவறினால்: இடுப்பு உயரத்தில் தட்டையாக வரும் ரைஸ், ஹோம் ரன் (மைதானத்துக்கு வெளியே பறக்கும் அடி). மண்ணில் குத்தும் டிராப், பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரைத் தாண்டும். மூன்றாம் பேஸில் (பிளேட்டுக்கு முந்தைய கடைசி நிலை) எதிரணி ஆள் இருந்தால் ஒரு ரன் போச்சு.

இன்ஃபீல்ட் (பேஸ்களை ஒட்டி நிற்கும் தடுப்பாளர்கள்) நம்பகமானது, வேகம் நடுத்தரம் என்றால் டிராப். தரைப்பந்துகளாக வந்து விழும். நல்ல வேகமும் ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) தேவையும் இருந்தால் ரைஸ். ஆனால் டேப் சோதனை தேறும்வரை ஆட்டத்தில் அதை வீச வேண்டாம்.