முக்திநாத் போகாத காசு: ஏஜென்ட், வங்கி, நுகர்வோர் கோர்ட் – யாரிடம் கேட்டால் கிடைக்கும்?

2025 செப்டம்பர் 7-ம் தேதி, ஒரு டூர் ஏஜென்ட் மூலம் குன்னூரிலிருந்து நேபாள யாத்திரை போன 12 பேர் காத்மாண்டுவில் இறங்கினார்கள். அதில் என் அக்காவும் மாமாவும் உண்டு. பாதிப் பேர் சிறு தேயிலை விவசாயிகள். பச்சைத் தேயிலை விற்ற காசில் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். தலைக்கு 48,000 ரூபாய், அதற்கு மேல் வரி. காத்மாண்டுவில் பசுபதிநாதர், பிறகு பொக்காரா, அங்கிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், கடைசியில் முக்திநாத். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் அதுதான் என்று மாமாவுக்கு 20 வருட ஆசை.

மறுநாள் நேபாளத்தில் இளைஞர் போராட்டத்தில் 19 பேர் செத்தார்கள். 9-ம் தேதி பிரதமர் ஒலி ராஜினாமா செய்தார், நாடாளுமன்றம் எரிந்தது, விமான நிலையத்தை மூடினார்கள், அப்புறம் ராணுவ ஊரடங்கு. நம்மவர்கள் ஓட்டல் அறையில் ஐந்து நாள் கிடந்துவிட்டு, முக்திநாத்தைப் பார்க்காமலே ஊர் திரும்பினார்கள். கூடுதல் ராத்திரிகளுக்கு அறை வாடகையும் அவர்களே கட்டினார்கள். அதே ஏஜென்டின் அடுத்த பேட்ச், கோத்தகிரிக்காரர்கள், 11-ம் தேதி கிளம்ப வேண்டியவர்கள். வீட்டை விட்டே இறங்கவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் ஏஜென்டிடமிருந்து வந்த வாட்ஸ்அப் ஒன்றுதான்: ‘ஃபோர்ஸ் மேஜர், நோ ரீஃபண்ட்.’ அதாவது, எவர் கையிலும் இல்லாத காரணத்தால் நின்றது, பணம் திரும்ப வராது.

பணத்தைத் திரும்பக் கேட்க இந்த இரண்டு கூட்டத்துக்கும் பேப்பர் வேலை பார்த்தவன் நான். அதில் விளங்கியது இது: பணத்தைத் திருப்பிக் கேட்பது வேறு, நஷ்டஈடு கேட்பது வேறு. ஐரோப்பாவில் இதைச் சட்டத்திலேயே பிரித்து எழுதியிருக்கிறார்கள். போகும் ஊரில் கலவரம் என்று பயணம் ரத்தானால் கட்டிய பணம் முழுசாகத் திரும்ப வரும், அதற்கு மேல் நஷ்டஈடு கிடையாது. நம் நாட்டில் டூர் பேக்கேஜுக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தையும் 2019-ம் வருட நுகர்வோர் சட்டத்தையும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

கோத்தகிரிக்காரர்களுக்கு ஏஜென்டிடம் நேரே பேசுவதுதான் சரிப்பட்டது. ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவுப்படி நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். அதற்காக வாங்கிய பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-வது பிரிவு. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ரீஃபண்ட் இல்லை’ என்று அச்சடித்திருந்தால் ஏஜென்டுக்குக் கொஞ்சம் பலம்தான். அப்போதும் விலாவாரியாகக் கணக்குக் கேட்கலாம். பறக்காத விமானத்துக்கு டிக்கெட் காசு அவருக்குத் திரும்பி வந்ததா, தங்காத ஓட்டலுக்கு எவ்வளவு கட்டினார், அதற்கு ரசீது எங்கே? போனில் கேட்டவர்களுக்கு ‘பார்க்கலாம் சார்’ என்றவர், பதிவுத் தபாலில் கேட்டதும் வவுச்சர் தருகிறேன் என்று இறங்கி வந்தார். ஒரு வருடத்துக்குள் வேறு டூர் போய்க்கொள்ளலாமாம். வேண்டாம் என்று சொன்னேன். அவர் கடை அடுத்த வருடம் இருக்குமா என்று எவருக்குத் தெரியும்? மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு முக்கால்வாசிப் பணம் வந்தது. வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

அக்கா கூட்டத்துக்கு அது பலிக்கவில்லை. ‘கூட்டிக்கொண்டு போனேன், செலவாகிவிட்டது’ என்று ஏஜென்ட் கையை விரித்துவிட்டார்.

இன்சூரன்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நேபாளத்துக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டையே போதும் என்பதால் ஒருவரும் பாலிசி எடுக்கவில்லை. எடுப்பவர்கள் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: போர் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும்; கலவரம் சில பாலிசிகளில் உள்ளே, சிலவற்றில் வெளியே. செய்தி வந்த பிறகு எடுத்த பாலிசி உதவாது.

வங்கி வழியில் மூன்று பேருக்கு வாய்ப்பு இருந்தது. அவர்கள் க்ரெடிட் கார்டில் கட்டியிருந்தார்கள். தராத சேவைக்குப் போன பணத்தைத் திருப்பு என்று கார்டு வங்கியிடம் கேட்பதுதான் சார்ஜ்பேக். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் கெடு. ஏஜென்டோடு ‘பேசிக்கொண்டே’ இருந்தால் அது ஓடிப்போகும். அவர் இழுத்தடிப்பதும் பல நேரம் அதற்காகத்தான் என்பது என் சந்தேகம். நடக்காத பகுதிக்கு மட்டும் தொகை போட்டு, பயண நிரலையும் ஊரடங்குச் செய்தியையும் இணைத்துக் கேட்டோம். முழுத் தொகையும் கேட்டால், ‘காத்மாண்டு போனீர்கள் அல்லவா’ என்று மொத்தமாக மறுக்க வழி கொடுத்ததாகிவிடும். இருவருக்குக் கிடைத்தது, ஒருவருக்கு மறுத்துவிட்டார்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தி இல்லையென்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கும், ஏஜென்டின் சொந்த எண்ணுக்கு ஜிபே பண்ணியவர்களுக்கும் இந்த வழி உதவவில்லை. என் அக்கா ரொக்கம்.

ஆக, அவருக்கு நுகர்வோர் கோர்ட். இதை நினைத்தாலே பலர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது காலதாமதத்துக்கு மட்டும்தான். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். ‘வழக்கு என்றால் கோவையில்தான்’ என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. குன்னூர்க்காரருக்கு ஊட்டி பக்கம். கூடலூர்க்காரருக்கு மலைப்பாதையில் அரை நாள் போய்விடும். கொடைக்கானல்காரர் திண்டுக்கல்லுக்கே இறங்க வேண்டும். இணையத்தில் தாக்கல் செய்யவும் காணொலியில் ஆஜராகக் கேட்கவும் வழியிருக்கிறது. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டக்கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்புக்குச் சட்டம் சொல்லும் மூன்று மாதத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

புகாரை எழுதும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. ‘ரீஃபண்ட் இல்லை என்ற நிபந்தனையே அநியாயம்’ என்று எழுதினால் அது மாவட்ட நுகர்வோர் கோர்ட்டின், அதாவது மாவட்ட ஆணையத்தின், எல்லைக்குள் வராது, சென்னைக்கு மாநில ஆணையத்திடம் போக வேண்டும். ‘தராத சேவைக்குப் பணத்தை வைத்துக்கொண்டார், சேவைக் குறைபாடு’ என்று எழுதினால் ஊட்டியிலேயே நடக்கும். அதே மாதிரி, கலவரத்தை ஏஜென்டின் தலையில் கட்டாதீர்கள், நிற்காது. அக்காவின் புகாரில் நாங்கள் வைத்தது வேறு: கூட வந்த டூர் மேனேஜரின் போன் இரண்டு நாள் அணைந்து கிடந்தது, ஊர் திரும்ப டிக்கெட் போட்டது அக்கா மகன்தான், பெங்களூரிலிருந்து. தங்காத பொக்காரா ஓட்டல், பறக்காத ஜோம்சோம் விமானம் இரண்டுக்கும் ரீஃபண்ட். கூடுதல் அறை வாடகை, திண்டாட்டம் இரண்டுக்கும் நஷ்டஈடு. அந்த ஐந்து நாள் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருந்ததுதான் எங்கள் சாட்சி. வழக்கு இன்னும் நடக்கிறது.

ஒரு காசு மட்டும் ஏஜென்டிடம் இல்லவே இல்லை. வெளிநாட்டு டூர் என்பதால் முன்கூட்டியே பிடித்த 5 சதவீத வரி, மாமா பேரில் 2,400 ரூபாய், வருமான வரித் துறையிடம் இருக்கிறது. அவருக்கு வருமான வரி வராது, ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். போட்டுத் தர ஆடிட்டர் 1,000 கேட்கிறார். மாமா யோசித்துக்கொண்டிருக்கிறார்.