பழைய படிப்பைத் தொடர்வதா, துறை மாறுவதா, முதலாண்டிலிருந்து தொடங்குவதா?

பல்கலைக்கழகத்தின் முதலாண்டிலேயே தேர்வுகளில் சறுக்கி, உடல்நலக் குறைவாலோ குடும்பச் சூழலாலோ சில காலம் விலகியிருந்த மாணவர் திரும்பி வரும்போது, அவர்முன் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும். பழைய படிப்பையே தொடரலாம். அதே பல்கலைக்கழகத்தில் வேறு துறைக்கு மாறலாம். அல்லது வேறோர் இடத்தில் புதிய படிப்பை முதலாண்டிலிருந்து தொடங்கலாம். எந்த வழியில் ஆண்டுகள் மிச்சமாகும் என்ற கணக்கைத்தான் சுற்றியிருப்பவர்கள் முதலில் போடுவார்கள். அந்தக் கணக்கு தேவையானதே என்றாலும், அது இரண்டாவதாக வர வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. திரும்பி வந்த முதல் பருவத்தில் எந்த வகுப்பில் உட்கார்ந்தால் அவருக்குப் பாடம் புரியும் என்பதே முதற்கேள்வி. அந்தப் பருவத்திலும் சறுக்கினால், மிச்சம் பிடித்த ஆண்டுக்குப் பொருளில்லாமல் போகும்.

வழிகளை ஒப்பிடுமுன், முதல் சறுக்கலுக்குப் பாடம் காரணமா, சூழல் காரணமா என்று பிரித்தறிய வேண்டும். மாணவர்கள் படிப்பைக் கைவிடுவதை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ, 1975இல் வெளியிட்ட கோட்பாட்டில், ஒரு மாணவர் பாடத்தோடு ஒன்றுவதையும் அங்குள்ள மனிதர்களோடு ஒன்றுவதையும் தனித்தனியாகவே கணக்கில் எடுத்தார். பழைய மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாகப் பார்த்தாலே ஓரளவு தெளிவு கிடைக்கும். விருப்பமான பாடங்கள் உட்பட எல்லாமே ஒரே காலத்தில் சரிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் பாடத்துக்கு வெளியே இருக்கிறது. முதன்மைப் பாடங்கள் மட்டும் தொடக்கத்திலிருந்தே தள்ளாடி, விருப்பப் பாடங்களில் நல்ல மதிப்பெண் வந்திருந்தால் படிப்பின் தேர்வையே சந்தேகிக்கலாம்.

காரணம் சூழலாக இருந்து, அந்தச் சூழலும் மாறியிருந்தால், பழைய படிப்பைத் தொடர்வதே மற்ற இரண்டையும் விடச் சிறந்தது. முறையான விடுப்பில் சென்றவருக்கு இடம் காத்திருக்கும். பதிவு காலாவதியாகிவிட்டிருந்தால் மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஆனால் கணிதம், இயற்பியல், பொறியியல் போல ஒரு பாடத்தின்மீது அடுத்த பாடம் எழும் துறைகளில், ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர் நேராக இரண்டாம் ஆண்டுக்குள் நுழைவது கடினம். பாடத்திட்டம் இடையில் மாறியிருக்கலாம் என்பதையும், பட்டத்தை முடிக்கப் பல பல்கலைக்கழகங்கள் அதிகபட்ச கால வரம்பு வைத்திருப்பதையும் கேட்டறிய வேண்டும். இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் தொடரக் கூடாது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருவத்தின் நாடகங்கள் அனைத்துக்குமான சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், அதே சீட்டைத் தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முற்பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தனர். நாடகம் இருவருக்கும் ஒன்றுதான். கொடுத்த பணம்தான் அவர்களை இழுத்து வந்தது. கல்விக்கட்டணமும் அப்படி இழுக்கும்.

துறை மாற்றம் பார்வைக்கு நடுவழியாகத் தெரிவதால் பலரையும் கவர்கிறது. அதன் உள்விவரங்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். படிப்புச் சுமையை அளக்கும் ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு முழுநேர ஆண்டு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இளநிலைப் பட்டம் 180 அல்லது 240 கிரெடிட். இந்தியாவில் 2021இல் வந்த கல்விக் கிரெடிட் வங்கி, ஈட்டிய கிரெடிட்டுகளை அதிகபட்சம் 7 ஆண்டுகள் வரை பயன்படுத்த வழி செய்தது. இவற்றைப் படிக்கும் மாணவர், முன்பு ஈட்டிய அனைத்தும் புதிய பட்டத்தில் அப்படியே சேரும் என்று நம்பிவிடுகிறார். கிரெடிட்டை ஏற்பது வேறு. அதைப் புதிய பட்டத்தின் கட்டாயப் பாடத்துக்கு ஈடாக எண்ணுவது வேறு. இயற்பியலிலிருந்து பொருளியலுக்கு மாறுபவரின் கணிதப் பாடம் கட்டாயப் பாடமாகவே எண்ணப்படக்கூடும். ஆய்வகப் பாடங்களோ விருப்பப் பாடக் கணக்கில் போய்ச் சேரலாம், அல்லது எந்தக் கணக்கிலும் சேராமல் போகலாம். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்ற பட்டியலைத் துறையிடமிருந்து எழுத்தில் பெறாமல் கையெழுத்திடக் கூடாது.

சராசரி மதிப்பெண் இன்னொரு சிக்கல். பல இடங்களில், ஒரே பல்கலைக்கழகத்துக்குள் மாறினால் பழைய தோல்விகளும் சராசரியோடு கூடவே வரும். வட அமெரிக்காவில் பெரும்பாலும் நடப்பதுபோல, வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் கிரெடிட் மட்டும் ஏற்கப்பட்டு, சராசரி புதிதாகத் தொடங்கும். ஆயினும் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பழைய மதிப்பெண் பட்டியலையும் கேட்பது வழக்கம். இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஏற்கப்பட்ட கிரெடிட்டுகளின் பலத்தில் நேராக இரண்டாம் ஆண்டில் அமர்த்தப்படும் மாணவர், புதிய துறையின் அடிப்படைகளைக் கற்காமலேயே, அவற்றை ஓராண்டாகக் கற்றுத் தேர்ந்தவர்களோடு போட்டியிடுகிறார். மீண்டும் வகுப்புக்கு வரும் துணிவை இப்போதுதான் திரட்டியவருக்கு இது கொடுமையான இடம். முதலாண்டின் இரண்டு மூன்று அடிப்படைப் பாடங்களையாவது கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது, அதனால் பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போனாலும்.

புதிதாகத் தொடங்குவதைப் பலர் தோல்வியின் ஒப்புதலாகப் பார்ப்பது வருத்தத்துக்குரியது. சார்லஸ் டார்வின் 1825இல் எடின்பரோவில் மருத்துவம் சேர்ந்தார். அறுவை சிகிச்சையைக் காணச் சகிக்காமல் 1827இல் விலகி, 1828இல் கேம்பிரிட்ஜில் வேறு பட்டத்துக்குப் படிக்கத் தொடங்கி 1831இல் முடித்தார். எடின்பரோவில் விலங்கியலாளர் ராபர்ட் கிராண்டின் துணையோடு கடலுயிர்களை ஆராய்ந்து பெற்ற பழக்கம் எந்தக் கணக்கிலும் ஏறாமல் அவரோடு வந்தது. இந்த வழியின் விலை பெரும்பாலும் பணம்தான்: பல நிதியுதவித் திட்டங்கள் முன்பு படித்த ஆண்டுகளையும், பாதியில் விட்ட ஆண்டு உட்பட, கணக்கில் எடுக்கும், வெளிநாட்டில் படிப்பவருக்கு விசா நிபந்தனைகளும் சேரும். முந்தைய படிப்பை விண்ணப்பத்தில் மறைப்பது பின்னால் சேர்க்கையையே ரத்தாக்கக்கூடும். இடைவெளியின் காரணத்தை இரண்டே வரிகளில் நேராக எழுதினால் போதும்.

பாடம் பொருந்தவில்லை என்பது தெளிவாகி, விலகியிருந்த காலமும் ஓராண்டைத் தாண்டியிருந்தால், நான் இந்த மூன்றாம் வழியின் பக்கமே சாய்வேன். விலகல் குறுகியதாக இருந்து, புதிய துறை பழையதற்கு நெருக்கமானதாகவும் இருந்தால் துறை மாற்றம் போதும். எதைத் தேர்ந்தாலும், முதல் பருவத்தில் பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டா, அப்படிக் குறைத்தால் உதவித்தொகையும் முழுநேர மாணவர் என்ற தகுதியும் பாதிக்கப்படுமா என்பதை, சேர்வதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.