ஈறுல ரத்தம்னு போனா, சுகரைக் கேட்டாங்க

கோபியில ஒரு பல் கிளினிக்குங்க. நாலு மாசமா பல்லு விளக்குனா நுரை செவப்பா வரும். முறுக்கு கடிச்சா ஈறு விண்ணு விண்ணுனு தெறிக்கும். டாக்டரம்மா வாயைத் தொறக்கச் சொல்றதுக்கு முன்னாடியே, "மூணு மாச சராசரி சுகர் எவ்வளவுங்க?"ன்னாங்க. 9.2ன்னேன், அதிகந்தான். "அதானுங்களே!"ன்னாங்க.

சுகர் ஏறிக் கெடந்தா எச்சில்லயும் சர்க்கரை கூடுமாம், கிருமிக்குக் கொண்டாட்டம். ஈறுக்குப் போற சின்ன ரத்தக்குழாயும் கெட்டுப்போயி புண்ணு லேசுல ஆறாதாம். ஈறு கெட்டா, திரும்பச் சுகரும் கட்டுக்கு வராதாம். இத்தனை வருசமா மாத்திரை சாப்புடறேன், ஒருத்தரும் சொன்னதில்லீங்க.

ரெண்டு தடவையா சுத்தம் பண்ணுனாங்க, வலி பெருசா இல்லீங்க. உக்கார வெச்சதுதான் ஒன்னேகால் மணி நேரம், ஒரே ஒரு ஃபேனு. அதுலயும் மேசை மேல மிட்டாய் டப்பா!