பொனேருக்கு டைவிங் போகிறீர்களா? பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

கரீபியன் கடலில் இருக்கும் பொனேர் தீவைப் பற்றிக் குறையே சொல்ல மாட்டேன். 1979-லிருந்து சுற்றியுள்ள கடலே பாதுகாக்கப்பட்ட பூங்கா. சாலையோரம் பெயர் எழுதிய மஞ்சள் கல் தெரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, சிலிண்டரோடு கரையிலிருந்தே இறங்கலாம். எங்களை ஏமாற்றியது, எல்லாம் சேர்த்து என்று பேக்கேஜ் விற்ற ஒரு டைவிங் நிலையம்.

இயற்கைக் கட்டணம் என்று ஆளுக்கு 40 டாலர் ரொக்கமாக வாங்கிக்கொண்டு ஒரு தாள் கொடுத்தார்கள். வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் பூங்கா வாசலில் பாஸ்போர்ட்டோடு அதை நீட்டினோம். அங்கிருந்த அம்மா தாளில் விரல் வைத்துக் காட்டினார்: யாரோ ஒருவர் பெயர், போன வருடத் தேதி. டிசம்பர் 31-ஓடு காலாவதியான ரசீது! மறுபடி கட்டித்தான் உள்ளே போனோம். பவளப்பாறையைக் காப்பாற்றப் போகிற பணம், இன்னொரு முறை கட்டவும் மனசு வரும். அதன் பெயரைச் சொல்லித் திருடியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதைவிட மோசம் அடுத்தது. புதிதாக வருகிறவர்கள் முதலில் ஒரு சோதனை டைவ் செய்தாக வேண்டும் என்பது அங்கே விதி. "உங்களிடம்தான் சான்றிதழ் இருக்கிறதே" என்று அதை விட்டுவிட்டு, நேராக ஹில்மா ஹூக்கருக்கு அழைத்துப் போனார்கள். 1984-ல் மூழ்கிய கப்பல், 30 மீட்டர் ஆழத்தில் சாய்ந்து கிடக்கிறது. பாதி இறங்குவதற்குள் தம்பிக்கு மூச்சுக்கு மூச்சு வாயில் உப்புத்தண்ணீர். மாற்று ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) கடித்துக்கொண்டு மெதுவாக மேலே வந்து சேர்ந்தோம். கரையில் பார்த்தால், வாயில் கடிக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறது. சிலிண்டரிலிருந்து கழற்றி, குழாயில் காற்றே இல்லாதபோதும் அழுத்தமானியின் முள் 20 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நிற்கிறது. காற்று தீர்ந்தாலும் மிச்சம் இருப்பதாகவே காட்டியிருக்கும்! கேட்டதற்கு, "வாடகைச் சாமான் எல்லாம் இப்படித்தான்" என்றார்கள். பச்சைப் பொய். பிறகு நாங்கள் மாறிப்போன நிலையத்தில், முள் பூஜ்யத்தில் நிற்பதைக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார்கள்.

கட்டிய பணம் திரும்பி வரவில்லை. நீங்கள் போனால், இயற்கைக் கட்டணத்தைப் பூங்காவை நடத்தும் ஸ்டினாபாவின் இணையதளத்தில் உங்கள் பெயரிலேயே கட்டிவிடுங்கள். தீவுக்குள் நுழைய 75 டாலர் வரி தனி. அதையும் இடையில் யாரிடமும் கொடுக்காதீர்கள். சிலிண்டர் வால்வைத் திறக்கும் முன் ரெகுலேட்டரை உறிஞ்சிப் பாருங்கள், காற்று வந்தால் எங்கோ ஓட்டை. கார்டு வாங்க மாட்டோம், ரொக்கம்தான் என்கிற நிலையம் வேண்டவே வேண்டாம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலாவது முறையிடலாம்.