'கடைசி விலை'யோடு எனக்கு மூன்று வருடத் தகராறு

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தம்பி போன வாரம் கேட்டார்: "அண்ணா, பிட்காயின் ஃபியூச்சர்ஸில் எத்தனை மடங்கு லீவரேஜ் வைக்கலாம்?" ஃபியூச்சர்ஸ் என்பது நாணயத்தையே வாங்காமல் அதன் விலை ஏற்ற இறக்கத்தின் மேல் போடும் ஒப்பந்தம்; லீவரேஜ் என்பது கையில் உள்ள பணத்தைப் போலப் பல மடங்குக்கு வர்த்தகம் செய்வது. கேள்வியே தப்பு என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கில் 2 லட்சம் இருக்கிறது, ஒரு வர்த்தகத்தில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்க மனமில்லை என்று வைத்துக்கொள்வோம். அதாவது 2,000 ரூபாய். ஸ்டாப் லாஸ் (விலை இவ்வளவு இறங்கினால் தானாக விற்று வெளியேறச் சொல்லும் ஆர்டர்) வாங்கிய விலைக்கு 2 சதவீதம் கீழே என்றால், எடுக்க வேண்டிய பொசிஷன், அதாவது வர்த்தகத்தின் மொத்த மதிப்பு, 1 லட்சம். 5 மடங்கில் எடுத்தால் மார்ஜின், அதாவது நாம் பிணையாக வைக்கும் பணம், 20,000. 10 மடங்கில் 10,000. இரண்டிலும் போவது அதே 2,000தான். 50 மடங்கில் மட்டும் கதை வேறு: விலை 2 சதவீதம் இறங்குவதற்கு முன்பே லிக்விடேஷன் வந்துவிடும்; மார்ஜின் தீரப்போகிறது என்று சந்தையே பொசிஷனை மூடிவிடும். ஸ்டாப் லாஸுக்கு வேலையே இருக்காது.

நான் ஃபியூச்சர்ஸ் வர்த்தகம் செய்யும் இந்தச் செயலியை மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் எடுப்பதில் ஒரு நாளும் இழுத்தடித்ததில்லை. ஐசோலேட்டட் மார்ஜின் பொத்தானுக்குக் கோயில் கட்டலாம்; ஒரு பொசிஷன் செத்தால் அதோடு போகும், கணக்கில் உள்ள மிச்சப் பணத்தை இழுத்துக்கொண்டு போகாது.

என் எரிச்சல் ஒரே ஒரு சின்னப் பெட்டியின் மேல். ஸ்டாப் லாஸ் எந்த விலையைப் பார்த்து வெடிக்க வேண்டும் என்று கேட்கும் பெட்டி அது. 'கடைசி விலை' என்பது அந்தச் சந்தையில் நடந்த கடைசி வியாபாரம். 'மார்க் விலை' என்பது பல சந்தைகளின் ஸ்பாட் விலைகளை (நாணயத்தையே உடனடியாக வாங்கி விற்கும் விலைகளை) வைத்துக் கணக்கிடுவது. லிக்விடேஷனுக்குச் செயலி பார்ப்பது மார்க் விலையை. என் ஸ்டாப் லாஸுக்கு அதுவாகவே தேர்ந்து வைப்பதோ கடைசி விலையை! தனக்கு ஒரு தராசு, எனக்கு ஒரு தராசு.

முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் நடமாட்டம் குறைந்த நேரம். யாரோ பெரிதாக விற்றார்கள் போல. ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தின் கடைசி விலை ஊசி மாதிரிக் கீழே குத்திவிட்டு, அதே நிமிடத்தில் மேலே ஏறிவிட்டது. மார்க் விலை ஏறக்குறைய அசையவே இல்லை. என் பொசிஷன் மட்டும் காலி. அன்று மாலையே ஈதர் நான் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆர்டரிலும் அந்தப் பெட்டியை மாற்றுகிறேன். அடுத்த ஆர்டரில் அது பழையபடி 'கடைசி விலை'க்குத் திரும்பிவிடுகிறது.

நியாயமும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 10 அன்று சீனப் பொருள்களுக்கு 100 சதவீதக் கூடுதல் வரி என்று டிரம்ப் அறிவித்தபோது நமக்கு 11ஆம் தேதி அதிகாலை. 24 மணி நேரத்தில் சுமார் 1,900 கோடி டாலர் பொசிஷன்கள் சந்தை முழுவதும் லிக்விடேஷனில் போயின. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஸ்டாப் லாஸ் வேலை செய்திருந்தது, ஆனால் வைத்த இடத்துக்கு 1.4 சதவீதம் கீழே. 2,000 போக வேண்டிய இடத்தில் 3,400. ஊரே எரிந்த இரவில் அது எனக்கு மலிவு.

ஃபண்டிங்கைச் சொல்லாமல் விட்டால் தம்பி திட்டுவார். ஃபியூச்சர்ஸ் விலை ஸ்பாட் விலையை விட்டு விலகாமலிருக்க, லாங் (விலை ஏறும் என்று வாங்கியவர்), ஷார்ட் (இறங்கும் என்று விற்றவர்) இருவரில் ஒருவர் மற்றவருக்குக் கட்டும் தொகை அது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நமக்குக் காலை 5.30, பகல் 1.30, இரவு 9.30. விகிதம் மாறிக்கொண்டே இருக்கும், வழக்கமாக 0.01 சதவீதம்தான்; ஆனால் பிடிப்பது மார்ஜினுக்கு அல்ல, முழுப் பொசிஷனுக்கு. அதே விகிதம் நீடித்தால், 1 லட்சத்தை லாங்கில் ஒரு மாதம் வைத்திருப்பதற்கு 900 ரூபாய். 20,000 மார்ஜினில் அது 4.5 சதவீதம்.

போன மாதம்வரை கேட்டிருந்தால் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்திருப்பேன். நேற்று செயலியைப் புதுப்பித்தார்கள். பின்னணி நிறம் மாறியிருக்கிறது, பொத்தான்கள் உருண்டையாகியிருக்கின்றன. பெட்டியைத் திறந்து பார்த்தேன்: கடைசி விலை. இரண்டு நட்சத்திரம்.